இரண்டு விரல் உயரம்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான். பெரியவள், என் மூத்த மகள், தன் சக்கர நாற்காலியில், ஜன்னல் ஓரமாக. சின்னவன், வேலைக்குப் போகாமல் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தவன். அவன் மனைவி, வாசலோடு நின்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. பேத்தி. வீட்டுவசதி ஆபீஸ் என்ஜினியர், பூட்ஸ் சேற்றைத் துடைக்காமல் உள்ளே வந்தவர். அவரோடு அளவெடுக்கிற பெண், நாடாவும் அட்டைப் பலகையுமாக. ஆக மொத்தம் ஏழு பேர்.

யார் யார் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். நாளைக்கு யாரும் "நான் அங்க இல்லவே இல்லையே" என்று சொல்லக் கூடாது. நான் நாலாம் வகுப்புதான். எழுத்து கோணும், ஞாபகம் கோணாது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் "அம்மா, நீ மாத்திச் சொல்றே" என்கிறான் சின்னவன். அதனால்தான் பேத்தியிடம் பாதி எழுதிய நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இனிமேல் எல்லாம் இதில் இருக்கும். வேண்டுமென்றால் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் குடியிருப்பில் கை கால் முடியாதவர்கள் இருக்கிற கீழ்த்தளத்து வீடுகளை ஆபீஸே மாற்றிக் கட்டித் தரப்போகிறதாம். எட்டு வீடு. எங்களுடையது முதல் வீடு.

என்ஜினியர் கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். குளியலறைக் கதவு குறுகல், நாற்காலி நுழையாது. அதன் வாசல் படி ஒரு சாண் உயரம். காலையில் அவளைப் போர்வையில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போவேன். படியருகே வந்ததும் "ஒண்ணு, ரெண்டு" என்பேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்து எம்புவாள். மூன்று வயதில் காய்ச்சல் வந்து கால் போனதிலிருந்து, முப்பத்தாறு வருஷமாக இப்படித்தான். ஒரு நாள்கூடக் கீழே போட்டதில்லை. அதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அப்போது அந்த அளவெடுக்கிற பெண் தரையில் உட்கார்ந்து, பெரியவள் முகத்தை நேராகப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. இந்த வீட்ல என்ன மாத்தணும்?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா, அவங்களைக் கேக்கறேன்."

பெரியவள் யோசிக்கவே இல்லை. "நான் தனியா குளிக்கணும்" என்றாள்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஏதோ நல்ல செய்தி கேட்ட மாதிரி.

மார்ச் 4

தனியா என்றால் எப்படி? நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டுமா? கதவைச் சாத்திக்கொள்வாளா? கேட்கவில்லை.

மார்ச் 9

கேட்டுவிட்டேன். காலையில் தலையைத் துவட்டிவிடும்போது.

"வழுக்கி விழுந்தா என்னடி பண்ணுவே?"

"கத்துவேன்."

"கத்தினா?"

"நீ மூணாவது மாடியிலேர்ந்து மூட்டு வலியோட இறங்கி வர்றதுக்குள்ள நானே எழுந்து டீ போட்டு வச்சிருப்பேன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். துண்டைக் காயப்போடும்போதுதான் உறைத்தது. நான் எதற்கு மூன்றாவது மாடியிலிருந்து வர வேண்டும்? நான் இங்கேதானே இருக்கிறேன்?

திரும்பிப் போய்க் கேட்டேன். அதற்குள் காதில் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். பஸ் கம்பெனிக்கு வருகிற புகார்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. "உங்க சிரமம் புரியுதுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12

ஆபீஸ் காகிதத்தைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னேன். 'வீட்டில் வசிக்கப்போகிறவர்கள்: ஒருவர்.' மறுபடி படி என்றேன். படித்தாள். மறுபடியும் ஒருவர்தான்.

வேலை முடிந்ததும் என்ஜினியர் வந்து பார்ப்பாராம். பெரியவள் யார் கையும் படாமல் வாசலிலிருந்து சமையல் மேடைக்கும், கட்டிலுக்கும், குளியலறைக்கும் போய் வந்தால் வீடு அவள் ஒருத்தி பெயருக்கு மாறும். இல்லாவிட்டால் இப்போது இருக்கிற மாதிரியே என் பெயரில், துணை என்று போட்டு, இரண்டு பேர்.

மாடிக்குப் போனேன். சின்னவன் அறையில் எனக்கென்று ஒரு கட்டிலே போட்டிருக்கிறார்கள்! விரிப்பு வேறு புதுசு.

"எப்ப போட்டே?"

"அது வந்தும்மா... போன மாசம்."

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"விரிப்பு வாங்கினதே அவதாம்மா."

ஆக எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் கடைசியில். பேத்தி கல்யாணப் பேச்சு எடுக்கும்போதும் இப்படித்தான் செய்வார்கள் போல. அவளுக்கு இப்போது பதினொரு வயது. இப்போதே எழுதி வைக்கிறேன்.

மருமகள் "அத்தை, கொஞ்சம் உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டேன். ஐம்பத்து நாலு படி.

மார்ச் 13

நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?

அந்த டாக்டர் ஞாபகம் வந்தது. கட்டம் போட்ட நீலச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று ஒழுகியிருந்தது. மூன்று வயதுக் குழந்தையைக் காட்டி "இது இனிமே உக்காந்துதான் இருக்கும், உங்களால முடியாது, எங்கேயாவது விட்டுடுங்க" என்றார். 'இது.' நான் விடவில்லை. இன்றுவரை விடவில்லை.

இப்போது அவள் என்னை விடச் சொல்கிறாள். டாக்டர் சொன்னதும் இவள் சொல்வதும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிகிறது. எப்படி ஒன்றில்லை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 20

வேலை முடிகிறவரை அவளுக்கு வேறு இடத்தில் ஓர் அறை. ஆபீஸ் வண்டி வந்தது. பின்னால் ஒரு தட்டு கீழே இறங்கியது. நாற்காலியோடு ஏறினாள், தட்டு அவளை மேலே தூக்கியது. நான் அக்குளில் கை கொடுக்கப் போனேன். வண்டிக்காரர் "தேவையில்லம்மா" என்றார். நீட்டிய கை அப்படியே நின்றது.

மார்ச் 21

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். எதற்கு?

மார்ச் 27

பஸ்ஸில் போய் அவளைப் பார்த்தேன். தலை ஈரமாக இருந்தது.

"யார் தூக்கிவிட்டாங்க?"

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாதே."

"நீ என்ன போலீசா? வா, காட்டறேன்."

காட்டினாள். குளியலறைக்குப் படியே இல்லை. அறைத் தரை அப்படியே உள்ளே போகிறது. சுவரில் கம்பி, மடக்குகிற இருக்கை ஒன்று. நாற்காலியை அதன் பக்கத்தில் விட்டு, கம்பியைப் பிடித்து, ஒரு எம்பு, அவ்வளவுதான். கதவுச் சட்டத்தைப் பிடித்து எம்பின அதே கைகள்.

கிளம்பும்போது கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. துடைத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நினைத்தேன், இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? சோப்பு சரியாகப் போகவில்லை என்றால் வருத்தமல்லவா வர வேண்டும்?

ஏப்ரல் 2

இப்போது மாடியில் படுக்கிறேன். காலையில் கீழே இறங்கி வந்து வேலையைப் பார்க்கிறேன். நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள்?

கொத்தனார் நல்ல மாதிரி. வயது அறுபது இருக்கும். பேசுவது குறைவு, பேசினாலும் பாதி சுவரோடுதான். கதவை அகலமாக்கிவிட்டார். சமையல் மேடையைப் பெயர்த்துத் தாழ்வாக வைத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு வீடு மாதிரி இருக்கிறது.

"இதுல நான் எப்படிச் சமைக்கறது? இடுப்பு ஒடிஞ்சிடும்."

"நீங்க நின்னு சமைக்கறதுக்கு இல்லம்மா. அவங்க உக்காந்து சமைக்கறதுக்கு."

அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல வந்தேன். சொல்லித் தந்தேனா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

குளியலறை முடிந்தது. கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிக் காட்டினார். வாட்டம், அதாவது தரைச் சரிவு, உள்பக்கமாக வைத்திருக்கிறாராம், தண்ணீர் தானாகச் சாக்கடைக் குழிக்கு ஓடிவிடுமாம். ஓடியதுதான். ஆனால் கொட்டிய வேகத்தில் ஒரு கை அகலத்துக்கு வெளியேயும் தெறித்தது.

"பாத்தீங்களா? கூடத்துக்குத் தண்ணி வருது."

"வாட்டம் இருக்கும்மா. நிக்காது."

"அறுபத்தேழு வயசாகுது எனக்கு. தடுப்பு இல்லாத குளியலறையை நான் பார்த்ததே இல்ல. ஒரு தடுப்பு வச்சுடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

"எத்தனை விரல் உயரம்?"

இரண்டு விரலைக் காட்டினேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு மணலைக் குழைக்கப் போனார். கேள்வி கேட்காத மனிதர். இந்த வீட்டில் நான் சொன்னதை உடனே செய்தது அவர் ஒருவர்தான்.

ஏப்ரல் 12

தடுப்பு காய்ந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நாளில் நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதப்போவதில்லை.

வண்டி பத்து மணிக்கு வந்தது. பெரியவள் சாய்வுப் பாதையில் தானாகவே ஏறி வந்தாள். கதவை அவளே திறந்தாள். மேடைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள், அணைத்தாள். கட்டிலில் ஏறினாள், இறங்கினாள். என்ஜினியர் பலகையில் குறித்துக்கொண்டே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பிள்ளைகளின் முகம் அப்படி இருக்கும். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் அவள் முகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. முப்பத்தொன்பது வயதில் இன்றைக்குப் பார்த்தேன்.

குளியலறை வாசலுக்கு வந்தாள். முன் சக்கரம் தடுப்பில் இடித்து நின்றது.

பின்னால் போய் மறுபடி வந்தாள். நின்றது. மூன்றாவது தடவை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலி குலுங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஓடிப் போய் "இரு, இரு, ஒண்ணு, ரெண்டு" என்று அக்குளில் கை கொடுத்தேன். வாய் தானாகச் சொன்னது. அவள் எம்பவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அவ்வளவு கனமாக அவள் ஒரு நாளும் இருந்ததில்லை.

என்ஜினியர் பலகையில் என்னவோ எழுதினார். அளவெடுக்கிற பெண் எட்டிப் பார்த்து, "சார், துணை தேவைன்னு போடாதீங்க, இது படத்துலயே இல்ல" என்றாள்.

"யாருய்யா இதை வச்சது? ஒரு விரல்கூட இருக்கக் கூடாதுன்னு படத்துல போட்டிருக்கு. கண்ணு தெரியலையா? யார் வைக்கச் சொன்னது?" என்றார் என்ஜினியர்.

கொத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார். கைப்பழக்கம்" என்றார்.

"இத்தனை வருஷ அனுபவத்துக்கு இதுதான் லட்சணமா? நாளையிலேர்ந்து நீ உள்வேலைக்கு வராதே. வெளியே சாய்வுப் பாதையைப் பாரு, போதும்."

"சரிங்க சார்."

சுத்தியலை எடுத்து இரண்டு தட்டு தட்டினார். தடுப்பு முழுசாகப் பெயர்ந்து வந்துவிட்டது. கீழே டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. தூசியாக இருக்கிறது, இன்றைக்குச் செல்லாது, திங்கட்கிழமை மறுபடி வருகிறேன் என்று என்ஜினியர் போய்விட்டார்.

நான்தான் வைக்கச் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. பெரியவள் மடியில் இருந்த கையைப் பார்த்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 17

பதினொன்றாம் தேதிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். இரண்டு விரலைக் காட்டினேன் என்று நானே எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தாலும் எனக்கு மறக்காது, பிறகு எதற்குக் கிழிக்க?

தண்ணீருக்காகத்தான் வைக்கச் சொன்னேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்தேனா? தடுப்பு இருந்தால் நாற்காலி ஏறாது என்று எனக்குத் தெரியாதா என்ன? முப்பத்தாறு வருஷமாகப் படியோடு மல்லுக்கட்டினவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அது ஞாபகத்திலேயே வரவில்லை. எனக்கா ஞாபகம் வரவில்லை? டாக்டர் பையில் எத்தனை பேனா என்று சொல்கிறவளுக்கா?

ஏப்ரல் 18

"அந்தத் தடுப்பு இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் உடைச்சாச்சேம்மா" என்றாள் பெரியவள். போன் வந்துவிட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தாள். கூடத்தில் ஒரு சொட்டு இல்லை.

என்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒருவர்.

ஏப்ரல் 24

இனியும் தாங்காது என்று கொத்தனாரைத் தேடிப் போனேன். நாலாவது வீட்டு வாசலில், வெயிலில், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சாய்வுப் பாதைக்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். உள்ளே நிழலில் இருக்க வேண்டியவர்.

"ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கலை?"

"எதுக்கும்மா?"

"நான்தானே வைக்கச் சொன்னேன். என்ஜினியர் கிட்ட நான் இப்பவே போய்ச் சொல்றேன்."

"வேணாம்மா. அவர் அடுத்த வாரம் மறந்துடுவார், மறுபடி உள்ளே கூப்பிட்டுப்பார். போன தடவையும் அப்படித்தான்."

"போன தடவையா?"

பூசுகிற கரணையைக் கீழே வைத்தார். "இதுக்கு முன்னாடி செஞ்ச குடியிருப்புல பதினோரு வீடும்மா. ஒன்பது வீட்ல தடுப்பு கேட்டாங்க. எல்லாம் அம்மாதான் கேப்பாங்க. தண்ணி வரும்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

"மீதி ரெண்டு வீட்ல?"

"அங்கே அம்மா இல்ல."

பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஒருத்திதான் இப்படிச் செய்தேன் என்று எட்டு நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர்! அது ஆறுதலா, அவமானமா?

"நாற்காலி ஏறாதுன்னு தெரிஞ்சுதானே வச்சீங்க?"

"தெரியும்மா. அதான் சிமென்ட் ஒரு கையளவு, மீதி வெறும் மணல். ரெண்டு தட்டுல வந்துடுச்சு, பாத்தீங்கல்ல?"

"அப்ப எதுக்குய்யா வச்சீங்க?"

"வைக்க மாட்டேன்னா நீங்க விடுவீங்களா? உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா? வச்சுட்டா அன்னைக்கு ராத்திரியாவது நிம்மதியா தூங்குவீங்க."

மறுபடி கரணையை எடுத்துப் பூச ஆரம்பித்துவிட்டார். சுவரைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணு கிட்ட சொல்லிட்டீங்களா?"

ஏப்ரல் 26

சொல்லிவிட்டேன். தாழ்வான அந்த மேடையருகே முட்டை வேக வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொஞ்சம்தான் வைத்திருந்தாள், நான் எதுவும் சொல்லவில்லை.

"அந்தத் தடுப்பை வைக்கச் சொன்னது நான்தான்."

திரும்பவில்லை. அடுப்பைக் குறைத்தாள். "ஏம்மா?" என்றாள்.

"தண்ணி வரும்னு."

"தண்ணிக்கா?"

"தெரியலடி. சத்தியமா தெரியல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் பழகின விஷயம். அவள் தட்டில் முட்டையை வைத்து என் பக்கம் தள்ளி, "சரி. தெரிஞ்சா சொல்லு" என்றாள்.

முட்டை உள்ளே வேகவே இல்லை. முழுசாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30

காலையில் ஏழு மணிக்கு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். "குளிக்கறேன்மா, அப்புறமா வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கோபம் இருந்ததா? காதை வைத்துக் கேட்டேன், தண்ணீர்தான் கேட்டது. மாடிக்கு ஏறி வந்தேன். மருமகள் ஒன்றும் கேட்காமல் டீயை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டேன், சர்க்கரை அதிகம்.

இப்போது ஒன்பது மணி. எதற்காக வைக்கச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் இரண்டு விரலை நீட்டிய அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, அடம்பிடிக்கிற குழந்தை கையில் பொம்மையைக் கொடுக்கிற மாதிரி மணலைக் குழைத்து வைத்து, என்னைத் தூங்க அனுப்பியிருக்கிறார். அப்புறம் எனக்காக வெயிலில் நிற்கிறார், அதையும் ஒரு விஷயமாகவே சொல்லாமல்.

பெரியவள் என்மேல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இருக்கட்டும், அது நியாயம். மற்றவர்களையும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். அந்தக் கொத்தனாரை மட்டும் மன்னிக்க மாட்டேன்.